இடது கையால் ஒரு குத்து

பத்து வருடம் பாக்ஸிங் ஆடியிருக்கிறேன். எத்தனை குத்து விட்டேன், எத்தனை வாங்கினேன் என்று கணக்கில்லை. ஆனால் என்னைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், ஒரு டீக்கடை வாசலில் காலை பத்து மணிக்கு நான் விட்ட ஒரே ஒரு குத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போலீஸையே அடித்தவன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தப் போனால் முழுதும் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பில்லை. ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் கேட்காமல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் வைண்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். கருகிப் போன கிணற்று மோட்டார்கள் வரும். பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். விடிகாலையில் பாக்ஸிங், எட்டு மணிக்குப் பட்டறை. நாங்கள் பயிற்சி செய்த இடம் மூடிப்போன ஒரு மில்லின் குடோன். குத்திப் பழகும் மூட்டைக்குள் கழிவுப் பஞ்சும் மணலும் அடைத்திருந்தோம். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கல் மாதிரி ஆகிவிடும். அதைத்தான் குத்துவோம்.

எனக்கு அறுபது கிலோ பிரிவு. மாவட்டத்தில் ஒரு எடைக்கு ஒருவரைத்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். மாநிலத்தில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. எனக்கு அப்பா இல்லை. அம்மா மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி மூச்சு இளைத்துப் போயிருந்தாள். வேலை என்பது எங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாவட்ட பைனலுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சப் இன்ஸ்பெக்டர் பட்டறைக்கு வந்தார். தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. யானை வந்து குழாயை மிதித்து உடைத்ததில், மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிவிட்டது. அதை இறக்கிவிட்டு, முதலாளியிடம் பேசிவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் அந்த பாக்சரா?"

"ஆமாங்க சார்."

"பைனல்ல உன்ற எதுர்ல நிக்கறவன் யாருன்னு தெரியுமா? என்ற மச்சான். ஊட்டுக்காரியோட தம்பி."

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"அவனுக்கு வேலைக்கு வயசு இந்த வருசத்தோட முடியுது. உனக்கு இன்னும் காலமிருக்குது. அன்னைக்கு ஜொரம் கிரம்னு சொல்லிபோட்டு ஊட்டுல படுத்துக்க. அடுத்த வருசம் உனக்கு வேண்டியத நானே முன்ன நின்னு செய்யறேன்."

"ரிங்குல பாத்துக்கலாமுங்க சார்" என்றேன்.

வயது இருபத்திரண்டு. அந்த வயதில் அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "சரி, மோட்டார நல்லாக் கட்டிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லாத்தான் கட்டிக் கொடுத்தேன்.

பைனலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒரு விவசாயியின் தோட்டத்தில் செம்புக் கம்பி திருடு போய்விட்டதாம், அதை நான்தான் எடுத்தேனாம். வைண்டிங் பட்டறைக்காரன் மீது செம்புக் கம்பி கேஸ் போடுவதைவிட சுலபமான வேலை கிடையாது. பட்டறை மூலையில் எப்போதும் கம்பி கிடக்கும். அதையே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு ஏட்டு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதிருக்கும், மெலிந்த மனிதர்.

"எந்தக் கைல உனக்கு பலம்?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. "வலது கைங்க சார்" என்றேன்.

மேஜை மேல் கையை வைக்கச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சப் இன்ஸ்பெக்டர் லத்தியின் மொட்டை முனையால் விரல் முட்டிகளின் மேல் இடித்தார். மூன்று தடவை வரை எண்ணினேன். அப்புறம் எண்ணவில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை, ஆணி அடிக்கிறவர் முகம் மாதிரி இருந்தது. அது இன்றைக்கும் எனக்குப் புரியாத விஷயம்.

பேனா உருளும் சத்தம் கேட்டது. ஏட்டு எழுந்து நின்றிருந்தார்.

"சார், போதுங்க சார். ஒடஞ்சுபோச்சுங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு அவருடைய துண்டை நனைத்து என் கையில் சுற்றினார். "ஆட்டாதீங்க தம்பி, ஆட்டாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். லாக்கப்பில் இருக்கிறவனை வாங்க போங்க என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பதினைந்து நாள் ரிமாண்ட். முதலாளி ஜாமீன் போட்டு வெளியே எடுத்தார். அதற்குள் பைனல் முடிந்துவிட்டது. எதிராளி வராததால் மச்சான் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள். அவன் மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தான். கெட்டவன் இல்லை, பாவம், அவனுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று கூட எனக்குத் தெரியாது.

கை கோணலாகக் கூடிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதை நிறுத்திவிட்டன. வைண்டிங்குக்குப் பத்து விரலும் வேண்டும். இடது கையால் கம்பி தள்ளப் பழகுவதற்கு ஒரு வருடத்துக்கு மேலானது. கேஸ் அது பாட்டுக்கு நடந்தது. கோர்ட்டுக்குப் போவேன், கூப்பிடுவார்கள், அடுத்த வாய்தா தேதி சொல்வார்கள், திரும்பி வருவேன். ஒரு தடவை சாட்சி வரவில்லை, ஒரு தடவை நீதிபதி மாறிவிட்டார், ஒரு தடவை பைல் கிடைக்கவில்லை. இப்படி ஐந்து வருடம். இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆனது. பெண் பார்க்கப் போன அன்றே கேஸ் இருப்பதைச் சொல்லிவிட்டேன். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். "கேஸு முடியறதுக்கு எத்தன நாளாகுமுங்க?" என்று மட்டும் கேட்டாள். "சீக்கரம் முடிஞ்சுரும்" என்றேன்.

அந்த ஐந்து வருடமும் நான் குடோனுக்குப் போவதை நிறுத்தவில்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் இடது கையால் மட்டும் மூட்டையைக் குத்துவேன். சப் இன்ஸ்பெக்டர் எந்த வழியாக வண்டியில் போகிறார், எந்தக் கடையில் பேப்பர் வாங்குகிறார், செவ்வாய்க்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறார், எல்லாம் எனக்குத் தெரியும். அவர் மனைவிக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது. கோயில் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போது இரண்டு முறை பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறேன். குனிந்த பிடரி தெரியும். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

மனைவிக்கு இது தெரிந்திருந்தது. ஒருநாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க மாமா, அவன அடிச்சா உங்க வெரலு நேராயிருமா?"

"ஆகாது அம்மணி."

"அப்பறம் எதுக்குங்க?"

சாப்பிட்டுவிட்டு எழுந்து போனேன்.

ஐந்தாம் வருடம் கேஸ் ஒரு காலையில் முடிந்துவிட்டது. புகார் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட விவசாயி கூண்டில் ஏறி, "என்ற தோட்டத்துல கம்பியே களவு போகலீங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுபோட்டேனுங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை. விடுதலை என்றார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

என் வக்கீல் விடவில்லை. போலீஸ் துறைக்குள்ளேயே சப் இன்ஸ்பெக்டர் மேல் விசாரணை கேட்டு மனுப் போடலாம் என்றார். "ஒங்க கையப் பாத்தாலே தெரியுது. ஆனா பாத்தவங்க ஒருத்தர் சொல்லோணும். அந்த ஏட்டு சொல்வாருங்களா?"

ஏட்டு அப்போது மாறுதலாகி வெள்ளகோவில் பக்கம் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அடையாளம் தெரியுமா என்று நினைத்தேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"நேராகலீங்களா தம்பி" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் நாலஞ்சு வருசந்தானுங்க சர்வீசு. புள்ளைக்கு இப்பத்தான் மாப்ள பாத்துட்டிருக்கறம். இந்தக் கெரகம் நமக்கெதுக்குங்க?" என்று அவரிடம் கேட்டார். என்னிடம் இல்லை. நான் கிளம்பும்போது ஏட்டு பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

"கேஸ் டைரிய எழுதுனது நான் தம்பி. நீங்க ஓடும்போது கீழ வுழுந்து கைல அடிபட்டுதுன்னு எழுதச் சொன்னாரு. எழுதிபோட்டேன். அன்னைக்கிருந்து பேனாவ எடுக்கறப்பல்லாம் அதுதான் நெனப்பு." பஸ் வந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன், போய்ட்டு வாங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்குப் போன் வந்தது. "சொல்றேனுங்க தம்பி. எங்க வரோணும்?"

முதலில் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்தார். நான்கு பக்கம், அழகான கையெழுத்து. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தான் பொய்யாக எழுதியதையும் எழுதியிருந்தார். பெரிய அதிகாரி ஒருவர் விசாரணைக்குத் தேதி போட்டார். முதல் தேதிக்கு எதிர்த்தரப்பு வரவில்லை. சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அதற்குள் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தார். இரண்டாவது தேதி போட்டார்கள். அன்றைக்கு அவர் வந்தே ஆக வேண்டும், அவர் முன்னால் ஏட்டு நின்று வாயால் சொல்ல வேண்டும்.

அந்த நாளைத்தான் நான் கெடுத்தேன்.

பதினொரு மணிக்கு விசாரணை. பத்து மணிக்கு அது நடக்கவிருந்த போலீஸ் ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் நானும் ஏட்டும் நின்றிருந்தோம். அவர் யூனிபார்மைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து உடுத்தியிருந்தார். ஷூ பளபளத்தது. டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். உதடு லேசாக அசைந்துகொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் காரை விட்டு இறங்கி நேராக எங்களிடம் வந்தார். வேறு பக்கம் போயிருக்கலாம். முகம் நிறையச் சிரிப்பு.

"என்ன பாக்சரு, சௌக்கியமா? கல்யாணமெல்லாம் ஆயிருச்சுன்னு சொன்னாங்க" என்று கையை நீட்டினார்.

யோசிக்காமல் என் வலது கையும் நீண்டுவிட்டது. அதற்குப் பழக்கம், யாராவது நீட்டினால் நீளும். அவர் பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடங்காத சுண்டு விரலைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"அட, நல்லாத்தான இருக்குது" என்றார்.

இடது கை எப்போது கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. தாடையில் சரியாக விழுந்தது. குடோனில் மூட்டையை எத்தனை ஆயிரம் தடவை குத்தியிருப்பேனோ, அதெல்லாம் சேர்ந்து விழுந்தது. அவர் பெஞ்சின் மேல் சாய்ந்து, பெஞ்சோடு கீழே போனார். பிஸ்கட் பாட்டில் ஒன்று உடைந்தது. தாடை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறைத்து என்ன ஆகப் போகிறது, சந்தோஷமாக இருந்தது. ஏழு வருடமாகக் கனத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. பிறகு திரும்பி ஏட்டைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸை பெஞ்சு இருந்த இடத்தில் வைக்கப் போய், பெஞ்சு இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்தார். பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார். என் சந்தோஷம் அதோடு சரி.

அன்று பதினொரு மணிக்கு விசாரணை நடக்கவில்லை. அப்புறம் நடக்கவே இல்லை. புகார் கொடுத்தவனே வன்முறைக்காரன் என்று எழுதி மூடிவிட்டார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, ஏட்டின் வாக்குமூலத்தை என்னோடு சேர்ந்து செய்த சதி என்று திருப்பினார்கள். அடிக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தாரே, அது போதும். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. கடலோரத்தில் எங்கோ ஒரு ஊருக்கு மாற்றினார்கள். டைரியில் பொய் எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டிருந்ததால் அதற்கும் தனியாகத் தண்டனை. எழுதச் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை.

என் மேல் புதிதாகக் கேஸ். இது பொய்க் கேஸ் இல்லை. வக்கீல், "அவரு கைய முறுக்குனாரு, தற்காப்புக்கு அடிச்சேன்னு சொல்லுங்க. இழுத்துட்டே போலாம்" என்றார். மறுபடியும் வாய்தா, மறுபடியும் வேப்பமரம் என்று நினைத்தபோதே எனக்குப் போதும் என்று இருந்தது. கூண்டில் ஏறியதும், "நான்தானுங்க அடிச்சேன்" என்றேன்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண்மணி. "யோசிச்சுச் சொல்றீங்களா? யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லீங்கம்மா. அடிச்சது நெசம்."

ஆறு மாதம் கொடுத்தார். முதல் கேஸ் ஐந்து வருடம் ஓடியது, இது ஒரே காலையில் முடிந்தது. மனைவி மனுப் போட்டுப் பார்க்க வருவாள். வாரம் முழுதும் நின்றே செக்கிங் செய்த கால் வீங்கியிருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சாப்புடறீங்களா, தூங்கறீங்களா?" என்று கேட்பாள். ஏன் அடித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெளியே வந்து நான்கைந்து மாதம் வரை ஏட்டைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொடுமுடியில் மனைவியின் தாய் வீட்டுப் பக்கம் குடிவந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மத்தியான வெயில். அவர் மனைவி வெளியே மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வாசலுக்கு வந்தாலும் "வாங்க" என்றுதான் சொல்வார்கள். நான் வெயிலிலேயே நின்றேன். ஏட்டு உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "வாங்க தம்பி, வாங்க, உள்ள வாங்க" என்றார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினேன்.

காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"போச்சாது, போனாப் போகுது உடுங்க. அந்தாள ஒருத்தன் அடிக்கோணும்னு எனக்கும்தான் இருந்துச்சு."

"உங்க பொழப்பக் கெடுத்துபோட்டேனுங்கண்ணா."

அவர் ஒரு பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "பொழப்பு எப்படியோ ஓடுது. அதில்லீங்க தம்பி. அன்னைக்கு நான் சொல்ற நாளு. நாலு நாளு கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். எங்க ஆரம்பிக்கோணும், எங்க நிறுத்தோணும், அவரு மொகத்தப் பாத்துச் சொல்லோணுமா, ஆபீசர் மொகத்தப் பாத்துச் சொல்லோணுமான்னு. முப்பது வருசத்துல ஒரு நாளு தலைய நிமுத்தி நிக்கலாம்னு போனேன். ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாமுங்க."

எனக்கு அழுகை வந்தது. "இப்பச் சொல்லுங்கண்ணா. நான் கேக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உங்ககிட்டச் சொல்லி என்ன பண்றது? உங்களுக்குத் தெரியாததா?"

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். அப்போதும் பேசவில்லை. குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை போவேன். பேசுவதற்கு அதிகம் இருக்காது. அவர் மகள் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் ஒரு வழியாக நடந்தபோது பந்தியில் நின்று பரிமாறினேன். அவர் மனைவி என்னிடம் முதன்முதலாகப் பேசியது அங்கேதான். "ரசம் தீந்துபோச்சு, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டரை மறுபடியும் ஒருமுறை பார்த்தேன். பல வருடம் கழித்து, திருப்பூரில் ஒரு வரவேற்புக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். எங்களுக்கு எதிர் வரிசையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ஒரு பக்கத் தாடையால்தான் மென்றார். அப்பளத்தைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டார். தலை நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். இலையை மூடாமலேயே எழுந்து போனார்.

எனக்கு உள்ளே ஏதாவது கிளம்புகிறதா என்று பார்த்தேன். கிளம்பவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று மோட்டார் கட்டியிருந்தேன், முதுகு வலித்தது.

பஸ்ஸில் மனைவி கேட்டாள். "அவன் அங்கிருந்தான்ல?"

"இருந்தான்."

"நானும் பாத்தேன். நீங்க எந்திரிக்காம இருந்தாப் போதும்னு எலையவே பாத்துட்டிருந்தேன். என்ன சாப்புட்டேன்னே தெரியல."

பல்லடம் தாண்டும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சூலூரில் கூட்டம் ஏறியது. ஒரு பெரியவருக்கு இடம் கொடுக்க எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவள் விழித்துவிடுவாளே என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.